ரெண்டிலும் சேராத செடி

முத்தாயம்மாளுக்குக் கண் தப்பாது என்று ராசிபுரத்து நெசவுத் தெருக்கள் அத்தனையிலும் பேர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற நூல் சிட்டங்களை மூட்டையோடு அவள் முன்னால் கொட்டுவார்கள். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே அரக்குச் சிவப்பாகத்தான் தெரியும். அவள் ஒவ்வொரு சிட்டத்தையும் வெளிச்சத்தில் உதறிப் பார்த்து, இது ஒரு கட்டு, அது ஒரு கட்டு என்று பிரித்துப் போடுவாள். ரெண்டிலும் சேராமல் சாயம் அரைகுறையாக ஏறினதைத் தூக்கிக் கழிவில் வீசிவிடுவாள். அப்படி ஒரு சிட்டம் தப்பித்தவறித் தறியில் பாவு நூலோடு ஏறிவிட்டால் புடவை நீளத்துக்கும் கோடு விழும். வாங்குகிறவன் மூஞ்சியில் எறிவான். பதினைந்து வருஷமாக அவள் பிரித்த நூலில் கோடு விழுந்தது என்று ஒருத்தர் வாய் திறந்ததில்லை.

கண் நன்றாக இருந்து என்ன? மற்றதெல்லாம் அவளுக்குக் கோணலாகத்தான் அமைந்தது. பதினாறு வயதில் ஜலகண்டாபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று வருஷம் அந்த வீட்டுத் தறிக்கு ராட்டையில் நூல் தார் சுற்றினாள். பிள்ளை தரிக்கவில்லை என்று ஒரு சாக்குக் கிடைத்ததும் அந்த மகராசன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டு, இவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டான். வந்தவள் அண்ணன் குழந்தைவேல் வீட்டில் ஒண்டினாள். அண்ணன் வாய் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அண்ணி தெய்வநாயகி பேசினாள். சோற்றில் குறை வைக்கமாட்டாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு நல்லது நடக்கிற நாளில், "நீ செத்த நேரம் கொல்லைப்பக்கம் இரும்மா, வாறவங்க ஏதாச்சும் நெனைச்சுக்குவாங்க" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வாள். பதினைந்து வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தாள் என்றால் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கவேண்டும்.

அந்தப் பிடிமானம் தம்பி வீரபாகு. அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தவள் அவள். சேலத்துக்குப் படிக்கப் போனான், அப்புறம் மதராசுக்குப் போனான். ஒவ்வொரு லீவுக்கு வரும்போதும் ஒரே பேச்சுத்தான்: "எனக்கு ஒரு வேலை கெடைக்கட்டும் அக்கா. இந்த ஊட்டுல உன்னை ஒரு நாள் விடமாட்டேன். நான் எங்க போறனோ அங்க நீயும் வாரே." அவள் அதை நம்பினாள். சும்மா நம்பவில்லை, தனக்கென்று ஒரு தகரப்பெட்டியே வாங்கி வைத்துக்கொண்டு நம்பினாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் வீரபாகு டாக்டர் பட்டத்தோடு ஊர் வந்தான். விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டுக் கருப்பண்ணன் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இவன் வைத்தியத்துக்குப் படிக்கவில்லை, செடிக்குப் படித்தவன் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "செடிக்கு என்ன நோவு?" என்று கேட்டுவிட்டுப் போனார் கருப்பண்ணன்.

பட்டம் வாங்கியதோடு முடியவில்லை. அதற்கு மேலே இன்னும் ரெண்டு வருஷம் உபகாரச் சம்பளத்தில் ஒரு ஆராய்ச்சி. அதை முடித்தால்தான் வேலை. ஆராய்ச்சி எதைப் பற்றி என்றால், கிலுகிலுப்பைச் செடி. வேலியோரத்திலும் தரிசிலும் மஞ்சளாகப் பூத்து, காய் முற்றினால் உள்ளே விதை உருண்டு கிலுகிலுவென்று சத்தம் போடுமே, அதுதான். அதில் ஒன்றா ரெண்டா, நூற்றுக்கணக்கில் வகை. எல்லாம் ஒரே முகஜாடை. எங்கே ஒரு இனம் முடிகிறது, எங்கே இன்னொரு இனம் தொடங்குகிறது என்று சொல்ல ஆளில்லை. இந்தப் பக்கத்துச் செம்மண் மேட்டில் முளைப்பதற்கு இலை அகலம், அடியில் பூனைமுடி. கொல்லிமலை அடிவாரத்து ஓடைக்கரையில் முளைப்பதற்கு இலை ஒடுக்கம், வழுவழுப்பு. பழைய புஸ்தகங்கள் ரெண்டுக்கும் ஒரே பேரைப் போட்டு வைத்திருந்தன. ரெண்டும் வேறு வேறு இனம் என்பது வீரபாகுவின் கட்சி. அதை நிரூபித்துவிட்டால், மதராசிலிருந்து மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்காரப் பேராசிரியர் சிபாரிசு எழுதுவார். பூனாவில் ஒரு கல்லூரியில் வேலை நிச்சயம்.

"மாடு மோந்து பாக்காத செடி. அதுக்கு ரெண்டு வருசமா?" என்றாள் தெய்வநாயகி. முத்தாயம்மாள் காதில் வாங்கவில்லை. அவளுக்கு ரெண்டு வருஷம் என்பது பெரிசாகப் படவில்லை, பதினைந்தைத் தள்ளியவள்தானே.

ஐப்பசி பிறந்ததும் வேலை தொடங்கியது. ஆராய்ச்சியில் ஒரு நியாயம் உண்டு. நல்ல செடி, அழகான செடி என்று பொறுக்கக் கூடாது. ஒரு இடத்துக்குப் போனால் கண்ணில் பட்ட நூறு செடியையும் அப்படியே பிடுங்கி வரவேண்டும். வீரபாகு ஓமலூர்ப் பக்கம் போவான், கெங்கவல்லிப் பக்கம் போவான், அடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போவான்; சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொல்லையில் இறக்குவான். அதற்குப் பிறகு எல்லாம் அக்காள் பொறுப்பு. பழைய பத்திரிகைத் தாளுக்கு நடுவில் ஒவ்வொரு செடியாக விரித்து, பலகை வைத்து, மேலே கல் ஏற்றுவாள். தினம் தாள் மாற்றுவாள். காய்ந்ததும் கெட்டி அட்டையில் நூலால் தைப்பாள். மதராசில் படித்த பிள்ளைகள்கூட இத்தனை சுத்தமாகச் செய்யமாட்டார்கள் என்று வீரபாகுவே சொன்னான்.

முதல் சாக்கு இறங்கிய அன்று அவள் கேட்டாள், "இதை எப்பிடி சாமி பிரிக்கறது?"

வீரபாகு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "சிட்டம் பிரிக்கற மாதிரிதான் அக்கா. அகல இலை ஒரு கட்டு, ஒடுக்க இலை ஒரு கட்டு. ரெண்டுலயும் சேராததைக் கழிச்சுப் போடு."

நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளை, நெசவுக்காரன் பேசுகிற பேச்சைப் பேசிவிட்டுப் போனான். அவன் நியாயப்படி நூறு என்றால் நூறும் அட்டையில் ஏறவேண்டும். அவனுக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னபடி செய்தாள். அகலமுமில்லாமல் ஒடுக்கமுமில்லாமல், பூனைமுடி பாதி இருந்தும் பாதி இல்லாமலும் நடுவாந்தரமாக வந்ததையெல்லாம் எடுத்துக் கொல்லை மூலையில் வீசினாள். மேட்டிலிருந்து வந்த சாக்கில் அந்த மாதிரி ஒன்றுகூட இருக்காது. ஓடைக்கரைச் சாக்கிலும் இருக்காது. ரெண்டு செடியும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கிற காட்டோரத்துச் சாக்கில் மட்டும் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு வரும். கழிவு அதிகமாக இருக்கிறதே என்று அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினாள். அவன் எழுதிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. "நோவு புடிச்ச செடியா இருக்கும். போட்ரு அக்கா" என்றான்.

போட்டுவிட்டாள். ஆனால் கண் சும்மா இருக்குமா? மார்கழியில் கொல்லை மூலைக் குவியல் காய்ந்தபோது அதைப் பெருக்கித் தள்ளினாள். காய் நிறைய இருந்தது, ஆனால் சத்தமில்லை. அட்டைக் கட்டைத் தூக்கினால், அகல இலையும் சத்தம் போடுகிறது, ஒடுக்க இலையும் சத்தம் போடுகிறது. இது மட்டும் ஏன் ஊமையாக இருக்கிறது? உட்கார்ந்து காயை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். ஐம்பது காயாவது உடைத்திருப்பாள். உள்ளே எல்லாம் பொக்கு. தூசி மாதிரி ரெண்டு சுருங்கின விதை, அவ்வளவுதான். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கிற கோவேறு கழுதையை அவள் சேலத்துச் சந்தையில் பார்த்திருக்கிறாள். அது குட்டி போடாது என்று எல்லாருக்கும் தெரியும். இதுவும் அந்தக் கதைதான் என்று அவளுக்குப் பட்டது. ரெண்டும் ஒரே சாதிச் செடியாக இருந்தால் சேர்ந்து பிறந்தது ஏன் மலடாகப் போகிறது?

அன்று சாயங்காலமே தம்பியிடம் சொல்லப் போனாள். "ஏஞ்சாமி, அந்தக் கழிவுச் செடி இருக்குதே, அதுல ஒரு விசேசம்..." என்று தொடங்கினாள். "அப்பறம் சொல்லுக்கா, இதை இன்னிக்குத் தபால்ல சேக்கணும்" என்றான் அவன். அவள் அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். படித்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

வீரபாகு அட்டைகளை வைத்துக்கொண்டு இலையை அளந்தான், காம்பை அளந்தான். கணக்கு ரெண்டு குவியலாக, நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாமல் பிரிந்து நின்றது. இருக்காதா பின்னே. ரெண்டும் வேறு இனம், இடைப்பட்ட செடி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று எழுதி அனுப்பினான். ஒரு சஞ்சிகையில் அச்சாகி வந்தது. அதை அக்காளிடம் கொடுத்தான். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும், இது இங்கிலீஷ். இருந்தாலும் ரெண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் வருஷம் தை மாதம் பேராசிரியர் நேரிலேயே வந்தார். காரை ஊருக்கு வெளியே நிறுத்தி, காட்டோரத்தில் இறங்கி நாலு வரப்பு நடந்தார். நாலே வரப்பில் நடுவாந்தரச் செடி பதினொன்று பிடுங்கிவிட்டார். அதைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்து கூடத்து மேசையில் வைத்தார். அட்டைகளை எல்லாம் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சம் அட்டையில் அந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. அவர் வீரபாகுவிடம் ஏதோ கேட்டார், சத்தம் போடாமல்தான் கேட்டார். வீரபாகுவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

உள்ளே வந்தான். "அக்கா, நடுவுல இருக்கற மாதிரி செடி சாக்குல வந்துச்சா?"

"வந்துச்சே. நீதானே கழிச்சுப் போடச் சொன்னே."

"நானா?"

"மொத நாளு. சிட்டம் பிரிக்கற மாதிரின்னு சொன்னே. அப்பறம் கை நெறையக் கொண்டாந்து காட்டினேன். நோவு புடிச்ச செடின்னே."

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வந்தது அவளுக்கும் தெரிந்தது. "செடி பாடம் பண்ணினவங்களைப் பாக்கணுங்கறாரு. வந்து சொல்லு. பயப்படாதே, நான் எடுத்துச் சொல்றேன்" என்றான். தனக்கு வேண்டாத செடியை ஒளித்துவிட்டுப் பொய்க் கணக்குக் காட்டினான் என்று அந்த மனிதர் எழுதிவிட்டால், பூனாவும் இல்லை, வேறெங்கும் இல்லை. அதையும் சொன்னான்.

முத்தாயம்மாளுக்குப் பயமில்லை. அவளிடம் பதில் இருந்தது, நல்ல பதில். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தெய்வநாயகி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பேராசிரியர் எழுந்து நின்று கும்பிட்டார். மதராசில் பத்து வருஷம் இருந்தவர். சமையல்காரனிடம் பேசுகிற நாலு வார்த்தைத் தமிழ் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

"தொரைங்களே, நடுவாந்தரச் செடி வந்தது நெசந்தானுங்க" என்று தொடங்கினாள். "ரெண்டுலயும் சேராததைக் கழிச்சுப் போடுன்னு என்ர தம்பி சொன்னானுங்க. அவசரத்துல சொன்ன வார்த்தை, களவு எண்ணத்துல சொல்லலீங்க. நானும் நூலு மாதிரின்னு நெனைச்சுக் கழிச்சுப்போட்டனுங்க. ஆனா அதை நான் பாத்திருக்கறனுங்க. மேட்டுக்காட்டுல அது வராது, ஓடைக்கரையில வராது, ரெண்டும் கலந்து மொளைக்கற எடத்துல மட்டுந்தான் வருதுங்க. அதுல காய் இருக்குது, சத்தமில்லீங்க. அம்பது காய் ஒடைச்சுப் பாத்தனுங்க, அத்தனையும் பொக்கு. கோவேறு கழுதை குட்டி போடாது பாருங்க, அந்த மாதிரி. அப்ப ரெண்டும் வேற வேற சாதிதானுங்களே. என்ர தம்பி எழுதினது சரிதானுங்க. நீங்க புடுங்கிட்டு வந்ததை எடுத்து ஆட்டிப் பாருங்க."

சொல்லி முடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினான். அவள் இத்தனை நேரம் சொன்னதற்கு அவனுக்கு நாலு வரி போதுமாக இருந்தது. இங்கிலீஷில் சுருக்கமாகச் சொல்ல முடியும் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். பேராசிரியர் மேசைமேல் இருந்த செடியைத் தொடவில்லை. அவளைப் பார்த்தார். முகம் இளகியிருந்தது. ரொம்பத் தன்மையாக, ஒரு குழந்தையிடம் சொல்கிற மாதிரி, "பரவாயில்லே அம்மா. பரவாயில்லே" என்றார்.

எதற்குப் பரவாயில்லை என்கிறார்? கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

துரையின் கார் டிரைவர் பெரியசாமி கொல்லைப்பக்கம் தண்ணீர் கேட்டு வந்தான். துரையோடு திரிந்து இங்கிலீஷ் பழகினவன். வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். இவள் வாட்டத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னான்: "வெசனப்படாதீங்கம்மா. தொரை மன்னிச்சுட்டாருங்க. உங்க தம்பி உங்களுக்காக எத்தனை தூரம் பேசினாரு தெரியுங்களா. எங்கக்கா படிக்காதவங்க, நான் சொல்லியும் புரியாம செடியை எறிஞ்சுட்டாங்க, மன்னிப்புக் கேக்கறாங்க, அவங்க மேல கோவிச்சுக்காதீங்கன்னு."

செம்பை அவன் கையில் கொடுத்தாள்.

கார் போனபிறகு கூடத்துக்கு வந்தாள். வீரபாகு அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் திட்டவில்லை, கோபத்தைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவளுக்கு வேறொன்று தெரியவேண்டியிருந்தது.

"பழியை என் மேல போட்டே. சரி. காயில சத்தமில்லைன்னேனே, அதுக்குத் தொரை என்ன சொன்னாரு?"

"எந்தக் காயி?" என்றான் வீரபாகு.

பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவன் கேட்கவே இல்லை. அவள் வாயைத் திறந்ததும் தான் சொல்லவேண்டிய பொய்யை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பாதி சொல்லும்போதே மேசைமேல் துரை விட்டுவிட்டுப்போன செடியை எடுத்து ஆட்டினான். காயை உடைத்தான். இன்னொன்றை உடைத்தான். பதினொன்றையும் உடைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டோரத்துக்கு ஓடி ஒரு கத்தை பிடுங்கிவந்து அதையும் உடைத்தான். "நான் சொன்னது சரிதான் அக்கா. ரெண்டும் வேறதான்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப எழுதிப் போடு."

எழுத உட்கார்ந்தான். என்னவென்று எழுதுவான்? அக்காள் அன்றைக்கே உங்கள் முன்னால் நின்று இதைச் சொன்னாள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றா? அவளைத்தான் விவரம் தெரியாதவள் என்று சொல்லிவைத்திருக்கிறானே. தானே கண்டுபிடித்ததாக எழுதினால், முந்தாநாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். மூன்று நாளில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தான். அவன் ஐந்தாவது எழுதுவதற்குள் பேராசிரியரிடமிருந்தே கடிதம் வந்துவிட்டது. இடைப்பட்ட செடிகள் இருப்பதால் ரெண்டும் ஒரே இனம் என்று திருத்தி எழுதித் தரவேண்டும். மற்றபடி, வீட்டார் செய்த தப்பை மறைக்காமல் ஒப்புக்கொண்ட நேர்மையும், அந்தப் பெண்மணிக்காகப் பரிந்து பேசிய குணமும் தனக்குப் பிடித்திருக்கிறது. பூனாவுக்கு அதையே எழுதியிருப்பதாகவும் சொல்லியிருந்தார். இப்படி ஒரு கடிதம் வந்தபிறகு எவனுக்கு உண்மை எழுதக் கை வரும்? வீரபாகு ஒரே இனம் என்று எழுதிக் கொடுத்தான். அது அச்சாகி, இனி வருகிறவர்கள் படிக்கிற புஸ்தகத்திலும் ஏறிவிட்டது.

பெரியசாமி வாய் வழியாக விஷயம் தெருவுக்கும் வந்திருந்தது. முத்தாயி கண் தப்பிவிட்டதாமே என்றார்கள். நூல் வியாபாரி சண்முகவேல் நல்ல மனுஷன், முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிரித்துக் கொடுத்த கட்டுகளைத் தன் வீட்டில் இன்னொருத்தியை உட்கார வைத்து மறுபடி பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அவளுக்கென்று ஊரில் இருந்தது அந்த ஒரு பேர். அது போனதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் அவள் இடத்தில் இருந்து பார்க்கவேண்டும். "சாக்குச் செடியைப் பிரிக்கத் தெரியலே, இதுல தம்பி படிப்புக்கே உலை வெச்சுட்டா" என்றாள் தெய்வநாயகி, சமையலறையில் பாத்திரத்தைப் பார்த்து. வீரபாகு சோறு தின்றுகொண்டிருந்தான். மோர் ஊற்றச் சொன்னான்.

பூனாவிலிருந்து உத்தரவு வந்தது. மாசி கடைசியில் ஒருநாள் வீரபாகு கொல்லைப்பக்கம் வந்தான். அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, பொட்டியைக் கட்டு. ஞாயித்துக்கெழமை ரயிலு. உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னனே, சொன்ன வாக்குத் தவறமாட்டேன்."

அவள் ராட்டையை நிறுத்தினாள். சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். இன்னும் எத்தனை வருஷம் அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கிழவியாகிச் சாகிறவரைக்கும்.

"பூனாவுல தமிழு பேசறவங்க இருக்காங்களா சாமி?"

"நாம இருக்கப்போற எடத்துல யாருமில்லக்கா. அதுக்கென்ன, நான் கூடவே இருக்கறேனே. நீ சொல்றதை நான் எடுத்துச் சொல்றேன்."

"அதுக்குத்தான் வரலேங்கறேன்" என்றாள் முத்தாயம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். அவன் தனியாகத்தான் ரயிலேறினான்.